மூன்றாவது டர்போ

ஜெஸ்ஸிக்குச் சந்தேகம் விழுந்தது ஒரு சாக்குப்பையால்தான்.

திண்டுக்கல் நத்தம் ரோட்டில், நாகல் நகரைத் தாண்டி, டயர் கடைக்கு அடுத்தாற்போல் இருந்த அந்தக் கார் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியிலிருந்து எதைக் கழற்றினாலும், கழற்றிய பழைய சாமானை வண்டிக்காரர் கண்ணில் காட்டிவிட்டு, ஒரு சாக்குப்பையில் போட்டு, வண்டி நம்பர் எழுதிய அட்டையைக் கட்டி, பின்கட்டுக் கொட்டகையில் வைத்துவிடுவார்கள். நாளைக்கே ஒருவர் வந்து, "எங்க பழைய சாமான் நல்லாத்தான இருந்துச்சு, அத வித்துத் தின்னுட்டீகளா" என்று கேட்டுவிடக் கூடாதல்லவா. பட்டறை ஆரம்பித்த நாளில் இஷாக் போட்ட விதி அது. அட்டை கட்டுவது ஜெஸ்ஸியின் வேலை. அவள் கட்டிய முடிச்சை அவளைத் தவிர வேறு யாராலும் அவிழ்க்க முடியாது என்று ஆல்வின் கேலி செய்வான்.

அன்று காலை கொட்டகையில் எல்லாப் பையும் இருந்தன. விக்னேஷ்குமாரின் வெள்ளைக் கார் பை மட்டும் இல்லை. அது இருந்த இடத்தில் எண்ணெய் வட்டம் ஒன்று மண்ணில் காயாமல் கிடந்தது.

வெளியே விக்னேஷ்குமார் நின்றுகொண்டிருந்தான். மலைவாழை மண்டி ஒச்சப்பனின் மகன். சிறுமலையிலிருந்து இறங்கும் வாழைத்தாரில் பாதி அவன் அப்பா மண்டி வழியாகத்தான் போகும். மகனுக்கு வாழையில் நாட்டமில்லை, வேகத்தில்தான் உயிர். டீசல் காரை வாங்கி, அதன் கம்ப்யூட்டரைத் திருத்தி, கம்பெனி கொடுத்ததைவிட இரண்டு பங்கு இழுவை வரும்படி செய்து வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் சிறுமலைக் கொண்டை ஊசி வளைவுகளில் அதை விரட்டி, வீடியோ எடுத்து, வேக வண்டிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவான்.

"மறுபடி விசிலடிக்குதுக்கா," என்றான். "போன டர்போ சாகுறதுக்கு முன்னாடியும் இப்படித்தான் விசிலடிச்சுச்சு. அந்தப் பழசக் கொஞ்சம் எடுங்க. இந்தத் தடவ ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துருவோம்."

"தேடி எடுக்கணும் தம்பி. மேல மேல அடுக்கிக் கெடக்கு."

வாயில் வந்த பொய் அவளுக்கே வியப்பாக இருந்தது.

"தேடுங்க. ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல குரூப்புல போட்டு விட்ருவேன், சொல்லிட்டேன். மூணு டர்போவத் திங்கிறதுக்கு வண்டி என்ன யானையா?"

டர்போ என்பது இரண்டு கையையும் குவித்தால் அடங்குகிற ஒரு நத்தைக்கூடு. இஞ்சின் புகை வெளியே பாய்கிற வேகத்தில் ஒரு பக்கத்துச் சக்கரம் சுற்றும். அது சுற்றினால் மறுபக்கத்துச் சக்கரமும் சுற்றி, வெளிக்காற்றை இஞ்சினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் இழுவை கூடும். இரண்டு சக்கரத்தையும் கோத்திருப்பது சுண்டு விரல் தடிமன்கூட இல்லாத ஒரு தண்டு. நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் அந்தத் தண்டு, எதிலும் உரசாமல் மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் மிதக்கிறது. எண்ணெய் ஒரு கணம் நின்றால் தண்டு தின்னப்படும். முதலில் விசில், அப்புறம் நீலப்புகை, அப்புறம் ஒன்றும் இல்லை.

விக்னேஷ்குமாரின் காரோடு வந்த டர்போ முதலில் போயிற்று. அதற்குப் பதிலாய் இவர்கள் போட்டது நாலே மாதத்தில் போயிற்று. இப்போது மூன்றாவது விசிலடிக்கிறது.

பட்டறைக்கு முதலாளிகள் இரண்டு பேர். ஒருவன் ஜெஸ்ஸியின் புருஷன் ஆல்வின். இன்னொருவர் இஷாக், ஆல்வினைவிடச் சில வயது மூத்தவர். இருவரும் மதுரையில் ஒரே பட்டறையில் வேலை பார்த்துப் பழகி, ஒன்றாகவே விலகி வந்து இதைத் தொடங்கியவர்கள். கோளாறு எது என்று கண்டுபிடிப்பதும் சாமான் வாங்குவதும் இஷாக். கழற்றுவதும் மாட்டுவதும் ஆல்வின். போனும் பில்லும் ஜெஸ்ஸி. ஒருவர் வேலையில் இன்னொருவர் கை வைப்பதில்லை. அதனாலேயே இப்போது சிக்கல். சாமான் மட்டமாக இருந்தால் அது இஷாக்கின் குற்றம். மாட்டியது சரியில்லை என்றால் அது ஆல்வினின் குற்றம். நடுவில் மூன்றாவது வழி இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை.

மத்தியானம் இஷாக் வந்ததும் ஜெஸ்ஸி கேட்டாள்.

"பாய், விக்னேஷு வண்டிப் பழைய டர்போவப் பாத்தீகளா?"

இஷாக் ஒரு போல்ட்டை வேட்டியில் துடைத்தார். துடைத்த போல்ட்டையே மறுபடியும் துடைத்தார்.

"பழைய இரும்புக்காரன் அள்ளிட்டுப் போயிருப்பான் தங்கச்சி."

பழைய இரும்புக்காரன் கோயில் கொடைக்குப் போனவன் இன்னும் ஊர் திரும்பவில்லை. அது ஜெஸ்ஸிக்குத் தெரியும். இஷாக்குக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு நூல் பிரிந்தால் சேலை முழுக்கப் பிரிகிற மாதிரி, அதன்பின் எல்லாமே அவளுக்கு வேறு மாதிரி தெரிந்தது. மூன்றாவது டர்போ வந்த அட்டைப்பெட்டியில் டேப்பைப் பிரித்து மறுபடி ஒட்டிய தடம் இருந்தது. அன்று அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்று அது கண்ணுக்குள்ளேயே நின்றது. டர்போவுக்கு எண்ணெய் கொண்டுபோகும் சின்னப் பைப்பை இந்தத் தடவை புதிதாகத்தான் போடணும் என்று இஷாக் ஏன் அவ்வளவு பிடிவாதம் பிடித்தார்? ஆல்வின் கேட்டதற்கு, "போடு மாப்ள, சொல்றேன்ல" என்று மட்டும் சொன்னாரே. கொஞ்ச நாளாகப் போன் வந்தால் புளியமரத்தடிக்குப் போய்ப் பேசுகிறார். ஒருமுறை தண்ணீர் பிடிக்கப் போனவள் காதில் விழுந்தது: "அவுகளுக்கு இப்பத் தெரிய வேணாம்."

இது போதாதென்று டயர் கடை மூக்கையா வேறு. யாரும் கேட்காத செய்தியைக் கொண்டுவந்து கொடுப்பதில் அவருக்கு நிகர் கிடையாது.

"என்னம்மா, கூட்டாளி பைபாஸ்ல பட்டறை போடுறாராமுல்ல?"

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? அவரு மச்சினன் அல் அமீன் இருக்கான்ல, பேகம்பூர்ல லேத்து வச்சிருக்கவன், அவன் கட்டுற புதுக் கட்டடத்துல நின்னு எடத்த அளந்துக்கிட்டிருந்தாரு. நான் என் கண்ணால பாத்தேன். எனக்கு என்னம்மா, டயரு ரெண்டு எடத்துலயும் தேயத்தான் செய்யும்."

அன்று இரவுச் சாப்பாட்டில் ஜெஸ்ஸி எல்லாவற்றையும் ஆல்வினிடம் கொட்டினாள். மட்டமான சாமானை வாங்கிப் போட்டு, நம் பட்டறையின் பெயரைக் கெடுத்துவிட்டு, அதே வண்டிக்காரர்களை பைபாஸுக்கு இழுத்துப் போகப் பார்க்கிறார் என்றாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது நடந்து முடிந்த கதை மாதிரி இருந்தது.

"பாயா? லூசு மாதிரிப் பேசாத," என்றான் ஆல்வின்.

"அப்ப பழசு எங்க?"

அவன் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனான்.

மறுநாளிலிருந்து பட்டறையில் சத்தம் குறைந்தது. ஆல்வினும் இஷாக்கும் ஒரே வண்டியின் இரண்டு பக்கமும் குனிந்து நின்றார்கள். "பதிமூணு ஸ்பேனர்" என்பதைத் தாண்டிப் பேச்சில்லை. அதுவரை மத்தியானம் மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்து டப்பாவை மாற்றிக்கொள்வது வழக்கம். இஷாக் வீட்டு வெஞ்சனம் ஜெஸ்ஸிக்கு; ஜெஸ்ஸி வைத்த குழம்பு இஷாக்குக்கு. ஜெஸ்ஸி, "வயித்துக்குச் சரியில்ல பாய்" என்று ஆரம்பித்தாள். அடுத்த நாள் ஆல்வின் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தான். அதற்கடுத்த நாள் இஷாக் யாரையும் கூப்பிடாமல், கொட்டகை நிழலில் தனியாக உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே ஜெஸ்ஸி பில் எழுதினாள். குற்றமுள்ள முதுகு என்று நினைத்தாள். முதுகில் அப்படி என்ன தெரியும் என்று அவளால் சொல்லியிருக்க முடியாது.

கடைக்காரனைச் சந்தேகப்படுகிறவள் கடைக்கு வருகிறவனை மட்டும் விட்டுவைப்பாளா? விக்னேஷ்குமாரின் வீடியோக்களையும் அவள் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். வனத்துறைச் சோதனைச்சாவடியில் தொடங்கும். வளைவுக்கு வளைவு டயர் அலறும். மேலே ஏறி, சாலையோரம் ஒரு பெரிய பலாமரம் வந்ததும் வீடியோ அறுந்துவிடும். எல்லா வீடியோவும் அதே பலாமரத்தில் அறுந்தன. அவள் போன் போட்டாள்.

"தம்பி, பலாமரத்துக்கு மேல என்ன பண்ணுவ?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன்க்கா. ஏன்?"

"வீடியோ ஏன் அதோட நிக்கிது?"

"அது சும்மாதான்க்கா."

"வண்டிய நிப்பாட்டுறதுக்கு முன்னாடி இஞ்சின ஓட விட்டு நிப்பாட்டுறியா, இல்ல டப்புனு சாவியத் திருப்பிருவியா?"

"இஷாக்கண்ணன் சொன்னதுல இருந்து தெனமும் ரெண்டு நிமிசம் ஓட விட்டுத்தான்க்கா நிப்பாட்டுறேன். வேணும்னா எங்கம்மாவக் கேளுங்க. வாசல்ல வண்டி உறுமிக்கிட்டே நிக்கிதுன்னு தெனமும் திட்டு வாங்குறேன்."

அம்மாவைச் சாட்சிக்கு அழைக்கிறவன் பொய் சொல்வானா என்று யோசித்தாள். சொல்லலாம்தான். ஆனால் 'சும்மாதான்' என்று அவன் சொன்னபோது குரல் இறங்கியது.

வெள்ளிக்கிழமை இஷாக் தொழுகைக்குப் போனதும், ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பேகம்பூருக்குப் போனாள். அல் அமீனின் லேத்துப் பட்டறை பாதி சாத்திக் கிடந்தது. அவர் அப்போதுதான் கடையைப் பூட்டிவிட்டுத் தொழுகைக்குக் கிளம்ப இருந்தார். மேசை மேல், இரும்புத் தூளுக்கு நடுவே, அவள் கட்டிய அட்டை கிடந்தது. முடிச்சை அவிழ்க்க முடியாமல் கத்தியால் அறுத்திருந்தார்கள்.

பக்கத்தில் டர்போ. சுரைக்காயை நெடுக்கில் பிளந்த மாதிரி இரண்டாக வெட்டப்பட்டிருந்தது.

"வாங்க தங்கச்சி," என்றார் அல் அமீன். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "மச்சான் ஒங்ககிட்டச் சொல்லலியா?" என்றார்.

"என்னத்தச் சொல்லல?"

அவர் கையைப் பிசைந்தார். "நான் சொல்றது மொற இல்ல."

"பையில என் கையெழுத்து இருக்குண்ணே. நீங்க சொல்லித்தான் ஆகணும்."

அல் அமீன் சொன்னார். எண்ணெய் கசியாமலிருக்க இணைப்பு கேஸ்கட்டில் வைக்கிற பேஸ்ட்டை ஆல்வின் கொஞ்சம் தாராளமாக வைத்திருப்பானோ, அது எண்ணெய்ப் பைப்புக்குள் பிதுங்கி அடைத்து, அதனால் டர்போ செத்திருக்குமோ என்று இஷாக்குக்குச் சந்தேகம். அதைப் பார்க்கத்தான் வெட்டச் சொன்னார்.

ஜெஸ்ஸிக்கு நெஞ்சுக்குள் இருந்த சந்தேகம் செத்துப் போயிருக்க வேண்டும். அது திரும்பிப் படுத்துக்கொண்டது. ஓகோ, என் புருஷன் மேல் பழி போடத்தான் சாட்சி சேர்க்கிறாரா? பைபாஸுக்குப் போகிறவர் நல்லவராகப் போக வேண்டுமல்லவா!

"பேஸ்ட் இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"இல்ல. ஒரு பொட்டுகூட இல்ல. பாருங்க." அல் அமீன் ஆணி நுனியால் உள்ளே சுரண்டினார். அடுப்பில் தீய்ந்த பால் சட்டியின் அடி மாதிரி, கறுப்பாய், கண்ணாடிபோல் இறுகிய பக்கு உதிர்ந்தது. "இது எண்ணெய் கருகுனது. தண்டு ஓடுற ஓட்ட பூராம் இதான். எண்ணெய் வரவே வழியில்ல. வரவர வெந்து வெந்து ஒட்டிருக்கு. மச்சான் இன்னும் பாக்கல. பாத்தா நிம்மதியாயிருவாரு."

"எதுக்கு நிம்மதி?"

"ஆல்வின் மேல தப்பில்லேல்ல." அவர் சாவியை எடுத்துக்கொண்டார். "ஒரு வாரமாச் சரியாச் சோறு எறங்கல அவருக்கு."

ஜெஸ்ஸி இரண்டு துண்டையும் பையில் போட்டுக் கட்டிக்கொண்டு வந்தாள்.

சாயங்காலம் இரண்டு ஆண்களும் பட்டறையில் இருந்தபோது, பையை மேசை மேல் கவிழ்த்தாள். ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்த ஆல்வின் நிமிர்ந்தான். இஷாக் எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

"பழைய இரும்புக்காரன் குடுத்தானா?" என்றார் மெதுவாக.

"பேகம்பூர்ல குடுத்தாக."

ஆல்வின் வெட்டுப்பட்ட துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் புரிய வெகுநேரம் ஆகவில்லை.

"பேஸ்ட் வச்சு அடச்சுப்புட்டேன்னு நெனச்சியா பாய்?"

"நெனச்சேன்."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல?"

"ஓங்கிட்டக் கேட்டா? ஆமாம்பியா, இல்லம்பியா? மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு மூணு நாளு பேசாம திரிவ. நெசமாவே நீதான் அடச்சிருந்தா, அதத் தெரிஞ்சுக்கிட்டு, மூச்சு விடாம அடுத்ததச் சரியா மாட்டிருவோம்னுதான் பைப்பயும் புதுசாப் போடச் சொன்னேன்." இஷாக் நிறுத்திவிட்டுச் சிரித்தார்; சிரிப்பு கண் வரை போகவில்லை. "நீ மட்டும் என்ன? நான் டூப்ளிகேட்டு வாங்கியாந்து போட்டேன்னுதான நெனச்ச."

ஆல்வின் ஜெஸ்ஸியைப் பார்த்தான்.

"அவரு நெனைக்கல," என்றாள் அவள். "நான்தான் நெனைக்க வச்சேன்."

"தெரியும் தங்கச்சி. சோத்து டப்பா தனித்தனியாப் போனப்பயே தெரியும்."

பிறகு இஷாக் துண்டை வெளிச்சத்தில் பிடித்து, அந்தக் கறுப்புப் பக்கை நகத்தால் கீறினார். கீறியதும் அவர் முகம் மாறியது. கோபதாபமெல்லாம் எங்கோ போய், வேலைக்காரன் முகம் வந்தது.

"மாப்ள, இங்க பாரு. இது சூட்டுல வெந்த எண்ணெய். எண்ணெய் பழசா இருந்தா இப்படி ஆகும். நம்ம மாத்திருக்கோம். பைப்பு அடச்சா ஆகும். இந்தத் தடவ புதுப் பைப்பு, அப்பயும் விசிலடிக்குது. மிச்சம் ஒண்ணுதான் இருக்கு."

"விரட்டு விரட்டுனு விரட்டிட்டு, கொதிக்கக் கொதிக்க ஆஃப் பண்றான்," என்றான் ஆல்வின்.

"அதேதான். இஞ்சின் நின்னா எண்ணெய் நின்னுரும். உள்ள தகதகன்னு கெடக்குற சூடு எங்க போகும்? நின்ன எண்ணெயப் போட்டு வறுக்கும். ஒரு நா ரெண்டு நான்னா ஒண்ணும் ஆகாது. வாராவாரம் வறுத்தா?"

"ரெண்டு நிமிசம் ஓட விடுறேன்னு சத்தியம் பண்றானே பாய்," என்றாள் ஜெஸ்ஸி.

"அப்ப பொய் சொல்றான்."

"பொய்தான் சொல்றான்," என்றான் ஆல்வின்.

சந்தேகப்படுவதற்கு மூன்றாவதாக ஓர் ஆள் கிடைத்ததில், அந்தப் பட்டறைக்குள் ஒரு வாரத்துக்குப் பிறகு கொஞ்சம் காற்று வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்தோணியார் கோயிலில் முதல் பூசை முடிந்த கையோடு ஆல்வினும் ஜெஸ்ஸியும் வந்து சேர்ந்தார்கள். விக்னேஷ்குமார் காரோடு தயாராக நின்றான். முன்னால் இஷாக், பின்னால் இவர்கள் இருவரும். "நீ எப்பயும் எப்படி ஓட்டுவியோ அப்படியே ஓட்டு தம்பி. நாங்க இருக்கமேன்னு பயந்து ஓட்டாத," என்றார் இஷாக்.

"நீங்க பயப்படாம இருந்தாச் சரிண்ணே."

கிளம்பும்போது குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. காலைக் குளிரில் இஞ்சினை உடனே உறும விடாமல் கொஞ்சம் ஓட விட்டான். நத்தம் ரோட்டில் மரியாதையாகப் போனான். சோதனைச்சாவடி தாண்டியதும் போனைக் கண்ணாடியில் மாட்டி வீடியோவைத் தட்டிவிட்டான். அப்புறம் கால் இறங்கியது. ஜெஸ்ஸி முன் இருக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜெபம் சொல்ல ஆரம்பித்தாள். ஒவ்வொரு வளைவிலும் ஜெபம் நடுவில் அறுந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. விசில் சத்தம் ஏற்றத்தோடு சேர்ந்து ஏறியது. கீழே திண்டுக்கல் சமவெளி ஒருமுறை இடப்பக்கம், ஒருமுறை வலப்பக்கம் என்று தாவியது.

பலாமரம் வந்தது. விக்னேஷ்குமார் கையை நீட்டி வீடியோவை நிறுத்தினான்.

ஜெஸ்ஸி ஆல்வின் தொடையைக் கிள்ளினாள். இப்போதுதான் ஏதோ வரப்போகிறது.

அடுத்த வளைவைச் சுற்றியதும் ரோட்டோரம் வேல்கள் நட்டு, மணிகள் கட்டிய ஒரு மேடை. கோபுரமில்லை, கூரையில்லை. எலுமிச்சைப்பழம் குத்திய வேல்களுக்கு நடுவே கறுப்புத் துணி சுற்றிய கல். வண்டி அதன் முன் வந்த அதே கணத்தில் விக்னேஷ்குமார் சாவியைத் திருப்பினான். இஞ்சின் செத்தது. செருப்பைக் காரிலேயே கழற்றிவிட்டு இறங்கி, சூடம் பொருத்தி, கைகூப்பி நின்றான்.

காருக்குள் மூன்று பேரும் அசையவில்லை. பானெட்டுக்கு அடியில் சூட்டு இரும்பு 'டிக் டிக்' என்று சுருங்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் எண்ணெய் தீயும் வாடை, சூட வாடையோடு கலந்து உள்ளே வந்தது.

இஷாக் ஆல்வினைத் திரும்பிப் பார்த்தார். ஆல்வின் இஷாக்கைப் பார்த்தான்.

விக்னேஷ்குமார் நெற்றி நிறையத் திருநீறோடு வந்து ஏறினான். "போலாமாண்ணே? விசில் கேட்டீகள்ல?"

"ஏன் தம்பி நிப்பாட்டுன?"

"எங்க நிப்பாட்டுனேன்?"

"இப்ப. இங்க."

"இதுவா?" அவன் நிஜமாகவே குழம்பினான். "இது நிப்பாட்டுறது இல்லண்ணே. கும்புடுறது."

"இஞ்சின ஆஃப் பண்ணேல்ல?"

"பின்ன? கருப்பு சாமி முன்னாடி இஞ்சின் ஓடலாமா? எங்கப்பா வேன் வச்சிருந்த காலத்துல இருந்து அப்படித்தான். மலைக்காரவுக யாரு வண்டியும் இங்க உறுமாது. ஓட விட்டுக்கிட்டே கும்புட்டா, வாசல்ல நின்னுக்கிட்டு வீட்டுக்காரர அதட்டுற மாதிரி ஆயிரும்ணே."

அவன் சொல்லி வாய் மூடவில்லை. வாழைத்தார் ஏற்றிய ஜீப் ஒன்று மேலிருந்து இறங்கி வந்தது. கல்லுக்கு நேரே வந்ததும் சத்தம் நின்றது. ஓட்டுநர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, மறுபடி ஸ்டார்ட் செய்து போனார்.

"பாத்தீகளா?" என்றான் விக்னேஷ்குமார்.

"அது நத்தையா ஊந்து வருது. சூடும் இல்ல, டர்போவும் இல்ல," என்றான் ஆல்வின். "நீ அடிவாரத்துல இருந்து நெருப்பா ஏறி வந்து, நெருப்பு மேலயே அணைக்கிற."

"வீடியோவ ஏன் தம்பி நிறுத்துற?" ஜெஸ்ஸிக்கு அதையும் கேட்டாக வேண்டியிருந்தது.

"சாமியப் படம் புடிக்கப்படாதுக்கா. ஒங்ககிட்டச் சொன்னா... நீங்க வேற கோயில். சிரிப்பீகளோன்னு சும்மாதான்னு சொன்னேன்."

அவள் சிரிக்கவில்லை. இத்தனை கேள்வி கேட்டார்கள். வண்டியை நிறுத்துவது பற்றி மட்டுமே கேட்டார்கள். சாமி கும்பிடுவதைப் பற்றி ஓர் அந்தோணியார் கோயில்காரனும் ஒரு பள்ளிவாசல்காரரும் கேட்க எப்படித் தோன்றும்? அவனுக்கும் அதைச் சொல்லத் தோன்றவில்லை. மூச்சு விடுவதை யாராவது கணக்கில் சேர்த்துச் சொல்வார்களா?

இஷாக் இறங்கிப் பானெட்டைத் திறந்து, சூடு ஆறும் வரை காத்திருந்தார். ஆல்வின் காற்றுக்குழாயைக் கழற்றி, உள்ளே விரலை விட்டுத் தண்டை ஆட்டிப் பார்த்தான். மேலும் கீழும் மயிரிழை ஆட்டம் இருந்தது. அது இருக்க வேண்டியதுதான். முன்னும் பின்னும் நகரவில்லை. சக்கரம் சுவரில் உரசிய தடமும் இல்லை.

"பொழச்சுக்கும் பாய். பைப்பக் கழட்டிக் கரிய எடுத்துட்டு எண்ணெய மாத்திட்டாப் போதும்."

"நெசமாவா? நானும் பாக்குறேன்," என்று இஷாக்கும் விரலை விட்டார்.

விக்னேஷ்குமார் கல்லையும் காரையும் மாறி மாறிப் பார்த்தான். "இனிமே ஆஃப் பண்ணாம கும்புடச் சொல்றீகளாண்ணே? அது முடியாதுண்ணே. அதுக்கு நான் வண்டியவே வித்துருவேன்."

ஜெஸ்ஸி முந்திக்கொண்டு சொன்னாள். "யாரு ஆஃப் பண்ணாம கும்புடச் சொன்னா? நீ கோயிலுக்குள்ள ஓடியா போவ? வெளியவே வேகத்தக் கொறச்சு, நடந்துதான போவ? பலாமரத்துக்குக் கீழ ரெண்டு மூணு வளைவு இருக்கே, அங்கயே கால எடுத்துரு. காலுல செருப்பில்லாதவன் மாதிரி மெதுவா வா. வந்து அணை. அதுக்குள்ள சூடு எறங்கிரும்."

விக்னேஷ்குமார் யோசித்தான். "வீடியோவுல டைம் கூடிரும்க்கா."

"வீடியோவத்தான் பலாமரத்துக்குக் கீழயே முடிச்சுக்க."

"அது சரி." கல்லைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். "இம்புட்டு நாளா சாமி முன்னாடி வேகமா வந்து நின்னதுதான் தப்புபோல," என்று தனக்குள் சொல்லிக்கொண்டான்.

பட்டறைக்கு வந்து, பைப்பைக் கழற்றி, சலாகையால் கரியை எடுத்து, எண்ணெயை மாற்றி, வண்டியை அனுப்பும்போது வெயில் ஏறிவிட்டது. விசில் பாதிக்கு மேல் அடங்கியிருந்தது. குழுவில் விக்னேஷ்குமார் என்ன போட்டான் என்று ஜெஸ்ஸி பார்த்தாள். 'பட்டறை மேல தப்பு இல்ல. டர்போ உள்ளவங்க ஏறி முடிச்சதும் கடைசி கொஞ்ச தூரம் மெதுவா வாங்க' என்று மட்டும் போட்டிருந்தான். கருப்பு சாமியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பட்டறையின் பெயர் தப்பித்தது. ஜெஸ்ஸிக்கு அது போதவில்லை. அவள் நேரே கேட்டாள்.

"பாய், பைபாஸ்ல எடத்த அளந்தீகளாமே?"

"மூக்கையாவா?" இஷாக் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். "அளந்தது நெசந்தான். லேத்து மெசின எங்க நிறுத்தலாம்னு அல் அமீன் கேட்டான். பக்கத்துலயே எனக்கும் எடம் தாரேன், வந்துருன்னு அவன் கூப்புட்டதும் நெசந்தான். அப்ப சிரிச்சுக்கிட்டு மாட்டேன்னுட்டேன். அப்புறம்..." தண்ணீரை உதறினார். "அப்புறம் ஒரு வாரமா, போனா என்னன்னு யோசிச்சதும் நெசந்தான் தங்கச்சி."

ஒரு வாரம் எது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் போகப் போகிறார் என்று அவள் சந்தேகப்பட்டபோது, அவருக்கு அந்த நினைப்பே இல்லை. சந்தேகப்பட்ட பிறகுதான் வந்திருக்கிறது.

"டேப்பப் பிரிச்சு ஒட்டுனதும் நான்தான்," என்றார் அவர், அவள் கேட்காமலே. "டூப்ளிகேட்டா இல்லியான்னு நம்பரச் சரிபாத்தேன். கடைக்காரன் மேல எனக்குச் சந்தேகம்."

ஆல்வின் உட்கார்ந்த இடத்திலிருந்து கேட்டான். "இப்ப என்ன பாய் முடிவு?"

"இனிமே நீ முறுக்குனத நான் ஒருக்காப் பாப்பேன். நான் வாங்குன பெட்டிய நீ பிரி. ஒருத்தர ஒருத்தர் சந்தேகப்படுறதுன்னா மூஞ்சிக்கு நேரயே பட்டுக்குவோம். ஒளிச்சு வச்சுப் படுறது ஒடம்புக்கு ஆகல."

"நான் அதக் கேக்கல. பைபாஸ்."

இஷாக் ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். "இப்ப பசிக்குது மாப்ள. அதான் முடிவு."

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு யாரும் டப்பா கொண்டுவருவதில்லை. ஜெஸ்ஸியும் கொண்டுவரவில்லை. இஷாக் மட்டும் பைக் பெட்டியிலிருந்து ஒரு தூக்குவாளியை எடுத்து வந்து நடுவில் வைத்தார். மூடியைத் திறந்தார். மூன்று பேர் சாப்பிடுகிற அளவுக்குச் சோறு இருந்தது. காலையில் கிளம்பும்போதே அவர் மூன்று பேருக்குக் கட்டச் சொல்லியிருக்க வேண்டும். கருப்பு சாமியைப் பார்ப்பதற்கு முன்பே, காரணம் தெரிவதற்கு முன்பே.

வெஞ்சனக் கிண்ணத்தை ஜெஸ்ஸி பக்கம் தள்ளினார்.

"எடு தங்கச்சி. சந்தேகமா இருந்தா மொதல்ல நான் ஒரு வாய் தின்னு காட்டுறேன்."

ஆல்வின் சிரித்தான். ஜெஸ்ஸிக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கேலி இன்னும் நெடுநாள் வரும் என்று அவளுக்குத் தெரிந்தது. அவர் இந்தப் பட்டறைக்கு வருகிற வரைக்கும் அதுவும் வரட்டும். கிண்ணத்தை இழுத்து, முதல் வாயை அவளே எடுத்தாள்.